பழைய லேப்டாப்பில் லினக்ஸ்: ஹாம் ரேடியோ ஓடுமா?

கேள்வி: என் பழைய லேப்டாப்பில் இருப்பது விண்டோஸ் 10. அதற்கான ஆதரவு 2025 அக்டோபரில் முடிந்துவிட்டது. ஹாம் ரேடியோவில் (பொழுதுபோக்கு வானொலித் தொடர்பு) நான் அதிகம் பயன்படுத்துவது எஃப்டி8தான் (கணினி வழியாகக் குறுஞ்செய்தி அனுப்பும் டிஜிட்டல் முறை). லினக்ஸுக்கு மாறினால் ரேடியோ இணையுமா?
- வாசகர், கடலூர் முதுநகர்

பதில்: தாராளமாக மாறுங்கள். புதுச்சேரியில் நான் லினக்ஸ் மின்ட் என்ற லினக்ஸ் வகையைத்தான் வைத்திருக்கிறேன். எஃப்டி8-க்கான டபிள்யூஎஸ்ஜேடி-எக்ஸ் மென்பொருள் அதிலும் இலவசமாகக் கிடைக்கிறது.

முதல் நாள் எனக்கு ரேடியோ இணையவே இல்லை. உப்புக் காற்றில் கேபிள் முனை பச்சை பூத்திருக்கும் என்று நினைத்து அரை மணி நேரம் துடைத்துக்கொண்டிருந்தேன், கடைசியில் பார்த்தால் கேபிளில் ஒரு குறையும் இல்லை, ரேடியோவுடன் கணினி பேசும் சீரியல் போர்ட்டைத் தொட எனக்குத்தான் அனுமதி இல்லை! உங்கள் பயனர் பெயரை 'டயல்அவுட்' என்ற குழுவில் சேர்த்து, லாக்அவுட் செய்து மறுபடி உள்ளே வாருங்கள், சரியாகிவிடும்.

அப்புறம் கடிகாரம். எஃப்டி8 15 விநாடித் துண்டுகளாக ஓடுவதால், நேரம் ஓரிரு விநாடி பிசகினாலே எதிர்முனை சிக்னல் திரையில் விழாது. 'குரோனி' என்ற நேரம் சரிசெய்யும் மென்பொருளை நிறுவினால் இணையம் வழியாக அதுவே சரிசெய்துகொள்ளும். ஆனால் 2011 தானே புயல் மாதிரி இன்னொன்று வந்து நெட் படுத்துவிட்டால்? நம் கரையில் இருப்பவர்கள் யூஎஸ்பி ஜிபிஎஸ் ஒன்று வாங்கி வைப்பது நல்லது, நேரத்தை அதிலிருந்தே எடுத்துக்கொள்ளலாம்.

விண்டோஸை உடனே அழிக்காதீர்கள். பென்டிரைவில் மின்டை ஏற்றி, அதிலிருந்தே பூட் செய்து, ரேடியோ பேசுகிறதா என்று பாருங்கள். பிறகும் விண்டோஸ் தேவைப்படலாம்: சில ரேடியோக்களின் ஃபர்ம்வேர் (ரேடியோவுக்குள் இருக்கும் மென்பொருள்) அப்டேட் விண்டோஸில் மட்டும்தான் நடக்கும்.