மறு: வரிகள் தளத்துக்குத் தளம் மாறுகின்றன, எதை நம்புவது?

வணக்கம். மை பிளடி வாலண்டைன் ராக் இசைக்குழுவின் ‘சம்டைம்ஸ்’ பாட்டு வரிகள் ஒவ்வொரு தளத்திலும் வேறாக இருக்கின்றன, இது காதல் முறிவுப் பாட்டா என்று ஹட்டனிலிருந்து கேட்டிருந்தீர்கள்.

1991இல் வந்த ‘லவ்லெஸ்’ தொகுப்போடு வரிகள் அச்சாகவில்லை. தளங்களில் இருப்பவை பெரும்பாலும் ரசிகர்கள் காதால் பிடித்து எழுதியவை. ஆகவே ஒரு சொல்லை மட்டும் பிடித்துக்கொண்டு அர்த்தம் கட்ட வேண்டாம். குழுவின் பாடகரும் கிட்டார் கலைஞருமான கெவின் ஷீல்ட்ஸ் குரலை வேண்டுமென்றே கிட்டார் இரைச்சலுக்குள் புதைத்து வைத்தார். திருவிழா நேரம் பக்கத்துத் தோட்டத்துக் கோயில் ஒலிபெருக்கிப் பாட்டு பனிமூட்டத்தில் வந்து சேருமே, சொல் பாதி கரைந்து உணர்ச்சி மட்டும் முழுசாக, அப்படித்தான் இதுவும்.

சரி, முறிவா? எனக்கு அப்படிப் படவில்லை. ஹெட்போனில் கேளுங்கள். இரைச்சலுக்கு அடியில் ஒரு சாதாரண கிட்டார் நிதானமாக ஓடுகிறது, டிரம்ஸ் முன்னுக்கு வருவதே இல்லை. குரலில் கோபமோ முறைப்பாடோ கிடையாது. கடைசிப் பகுதியில் பாட்டைத் தூக்கிச் செல்வது குரல் அல்ல, மேலெழும் மெட்டுத்தான். பிரிந்தவர் புலம்பலாக அல்ல, பக்கத்தில் இருப்பவரிடம் மனதைத் திறக்கத் தயங்குகிறவரின் பாட்டாகவே எனக்குக் கேட்கிறது.

முதலில் வரிகளைப் பார்க்காமல் கேட்டு, உங்களுக்குக் கேட்டதை எழுதி வையுங்கள். அப்புறம் தளங்களோடு ஒப்பிடுங்கள். எல்லாவற்றிலும் ஒன்றாக வரும் வரிகளை மட்டும் ஓரளவு நம்பலாம்.