இன்னொருவரின் பெயரைச் சொல்லுதல்

அன்புள்ள ஆசிரியருக்கு,

உங்கள் எழுத்துக்கள் என்னை மிகவும் கவர்ந்தவை. நான் கையால் தைத்த குறிப்பேடுகளைச் செய்து இணையம் வழியாக விற்கிறேன். முதுகில் அட்டை ஒட்டாமல் நூலால் மட்டுமே தைப்பதால், எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் ஏடு மேசைமேல் தட்டையாக விரியும். காகிதம் ஒரு சிறிய உற்பத்தியாளரிடமிருந்து வருகிறது.

தொடர்புகளை வளர்த்துக்கொண்டால் தொழில் தானாக வளரும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். அதற்காக ஒரு செய்தியைத் தயாரித்து வைத்து, பெயரை மட்டும் மாற்றி, லிங்க்ட்இன்னிலும் இன்ஸ்டாகிராமிலும் தினமும் புதியவர்களுக்கு அனுப்புகிறேன். பெரும்பாலும் பதில் வருவதில்லை. வாட்ஸ்அப் குழுக்களில் ஒருவர் பதிவை ஒருவர் பகிர்ந்துகொள்கிறோம். அதிலும் விற்பனை இல்லை. நான் கூச்ச சுபாவம் உள்ளவள். தொழிலுக்காக ஒருவரிடம் நட்புப் பாராட்டுவது போலித்தனமாகவும் தோன்றுகிறது. எந்தத் தளத்தில் கவனம் செலுத்துவது, ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் ஒதுக்குவது, உண்மையான தொழில் உறவுகளை எப்படி உருவாக்குவது? என் கடையின் இணைப்பைக் கீழே கொடுத்திருக்கிறேன்.

க.

அன்புள்ள க.,

எந்தத் தளம், எவ்வளவு நேரம் என்ற கேள்விகளுக்கு நீண்ட பதில் தேவையில்லை. வாங்குபவர்கள் எங்கே இருக்கிறார்களோ அங்கே இருங்கள். கைவேலை கெடாத அளவுக்கு இருங்கள். கூச்சத்தைப் பற்றியும் கவலை வேண்டாம். கூச்சமுள்ளவர்கள் பொதுவாகப் பிறர் பேசுவதைக் கவனித்துக் கேட்பார்கள். தொழிலில் அது பெரிய பலம்.

ஆனால் உங்கள் கடிதத்தின் முதல் வரி என்னைக் கோபப்படுத்தியது. என் எழுத்துக்கள் உங்களைக் கவர்ந்தன என்கிறீர்கள். எந்த எழுத்து? எப்போது படித்தீர்கள்? அதில் எந்த இடம் உங்களோடு தங்கியது? ஒன்றுமே இல்லை. அந்த வரியை எந்த எழுத்தாளருக்கும், எந்த ஓவியருக்கும், எந்தத் தச்சருக்கும் அனுப்பலாம். அனுப்பியும் இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். ஒருவருடைய வேலையைப் பார்க்காமலேயே அதைப் பாராட்டுவது அவரை அவமதிப்பது. பெறுபவருக்கு அது முதல் நொடியிலேயே தெரிந்துவிடும். உங்கள் குறிப்பேட்டைத் தொட்டுக்கூடப் பார்க்காத ஒருவர் ‘உங்கள் தயாரிப்புகள் அருமை, என் சேவைகளைப் பாருங்கள்’ என்று எழுதினால் நீங்கள் பதில் போடுவீர்களா? போடமாட்டீர்கள் என்றால், அதையே நாள்தோறும் பிறருக்கு ஏன் செய்கிறீர்கள்?

வாட்ஸ்அப்பில் பிராட்காஸ்ட் பட்டியல் என்று ஒன்று உண்டு. ஒரே செய்தியை ஒரே தட்டலில் பலருக்கு அனுப்பலாம். ஆனால் உங்கள் எண்ணைத் தன் கைபேசியில் சேமித்து வைத்திருப்பவருக்கு மட்டுமே அது போய்ச் சேரும். ‘இவர் எனக்கு வேண்டியவர்’ என்று மறுமுனையில் இருப்பவர் ஏற்கெனவே முடிவு செய்திருக்க வேண்டும். அந்த ஏற்பாட்டை வடிவமைத்தவர்கள் மனித இயல்பைச் சரியாகப் புரிந்துகொண்டிருக்கிறார்கள்.

இவ்வளவு கோபத்துக்குப் பிறகும் உங்களுக்கு எழுதுகிறேன் என்றால், மூன்றாவது வரிதான் காரணம். நூலால் மட்டுமே தைத்த ஏடு தட்டையாக விரியும் என்று எழுதியிருக்கிறீர்களே, அங்கேதான் நீங்கள் இருந்தீர்கள். தன் வேலையை நேசிக்கிற ஒருத்தி பேசுகிறாள் என்று எனக்குத் தெரிந்தது. அந்தக் குரலில் பத்துப் பேருக்கு எழுதியிருந்தால் நாலு பேராவது திரும்பப் பேசியிருப்பார்கள்.

தொழிலுக்காகப் பழகுவது போலித்தனம் என்பதையும் நான் ஏற்கமாட்டேன். யாரும் உங்களை நட்பு வேடம் போடச் சொல்லவில்லை. ‘நான் குறிப்பேடு தைக்கிறேன், நீங்கள் தோலில் செய்யும் உறைகளைப் பார்த்தேன், மூலைகளை எப்படி மடிக்கிறீர்கள் என்று தெரிந்துகொள்ள ஆசை’ என்று ஒருவருக்கு எழுதுவதில் என்ன பொய் இருக்கிறது? தொழில் வழியாக வந்த உறவு தொழில் உறவாகவே இருந்துவிட்டுப் போகட்டும். அதற்கென்று ஒரு கண்ணியம் உண்டு.

நான் கொஞ்ச காலமாக யோசித்துக்கொண்டிருப்பது வேறொன்றை. சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர் 1973இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். வேலை மாறியவர்களிடம், அந்த வேலையைப் பற்றி யார் மூலம் தெரிந்தது என்று விசாரித்திருந்தார். தெரிந்தவர்கள் மூலம் வேலை பெற்றவர்களில், தகவல் சொன்னவரை அடிக்கடி சந்தித்துக்கொண்டிருந்தவர்கள் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்குதான். ஆண்டுக்கு ஒருமுறையோ அதைவிடக் குறைவாகவோ சந்தித்தவர்கள் கால்வாசிக்கும் மேல். நெருங்கிய வட்டத்துக்குத் தெரிந்ததெல்லாம் நமக்கும் தெரிந்திருக்கும். புதிய செய்தி தூரத்திலிருந்துதான் வரவேண்டும். 2022இல் ‘சயன்ஸ்’ இதழில் வந்த ஆய்வு, லிங்க்ட்இன்னில் இரண்டு கோடிப் பேருக்கு மேல் வைத்து இதைச் சோதித்துப் பார்த்தது. வேலை மாற அதிகம் உதவியவை ஓரளவு தூரத்து அறிமுகங்களே என்று கண்டது. மிக நெருக்கமானவையும் அந்த அளவு உதவவில்லை, அறவே தொலைவானவையும் உதவவில்லை.

இதைக் கேள்விப்படுகிறவர்கள் உடனே அறிமுகங்களின் எண்ணிக்கையைப் பெருக்கக் கிளம்பிவிடுகிறார்கள். அவர்களிடம் எனக்கு ஒரே கேள்விதான். ஆண்டுக்கொருமுறை பார்ப்பவர், தேவையான நேரத்தில், உங்கள் பெயரை ஏன் நினைவுகூர வேண்டும்?

நான் சிறிய அளவில் புத்தகங்கள் வெளியிட்டுக்கொண்டிருந்த காலத்தில், ஒரு குழந்தை நூலுக்கு அட்டை வரையவேண்டும் என்று ஒரு வடிவமைப்பாளரை அணுகினேன். அதற்குமுன் அவரை எனக்குத் தெரியாது. கையெழுத்துப் பிரதியைக் கேட்டு வாங்கி முழுவதும் படித்தார். பிறகு எழுதினார்: இந்தக் கதைக்கு வேண்டிய கோடு என் கையில் இல்லை, இன்னார் கையில் இருக்கிறது. அவர் பெயர், அவருடைய சில ஓவியங்கள், அவரிடம் எப்படிப் பேசினால் நல்லது என்பது உட்பட எல்லாம் அந்தக் கடிதத்தில் இருந்தது. அப்போது அந்த வடிவமைப்பாளர் கையில் வேலை அதிகமில்லை என்பது பின்னால் வேறு வழியில் எனக்குத் தெரியவந்தது. அந்தப் புத்தகத்தின் அட்டை, அவர் சொன்ன ஓவியரால் மிக அழகாக அமைந்தது. பெயர் சொன்ன வடிவமைப்பாளருக்கோ என்னிடமிருந்து ஒரு காசும் போகவில்லை. ஆனால் அட்டை வடிவமைப்புக்கு யாரைக் கேட்கலாம் என்று என்னிடம் யார் வந்தாலும் இன்றுவரை நான் முதலில் சொல்வது அவர் பெயரைத்தான். அவர் தன்னைப் பற்றி எனக்கு ஒரு விளம்பரமும் அனுப்பியதில்லை. கையில் வேலை இல்லாதபோதும் பொய் சொல்லாத ஒருவரை நம்பி யாரையும் அனுப்பலாம்.

உங்கள் குழுக்கள் இதற்கு நேரெதிர். அவன் பதிவை இவன் பகிர்கிறான், இவன் பதிவை அவன் பகிர்கிறான். ஒருவரும் மற்றவர் பொருளைப் பயன்படுத்திப் பார்த்ததில்லை. எல்லோரும் விற்க வந்தவர்கள், வாங்க வந்தவர் எவருமில்லை. இது புதிய நோயும் இல்லை. 1905இல் சிகாகோவில் பால் ஹாரிஸ் என்ற வழக்கறிஞர் ஒரு நிலக்கரி வியாபாரி, ஒரு சுரங்கப் பொறியாளர், ஒரு தையற்காரர் ஆகியோருடன் ரோட்டரி சங்கத்தைத் தொடங்கியபோது, பெரிய நகரத்தில் தனித்துப்போனவர்களுக்குத் தோழமை வேண்டும் என்ற ஆசை அதில் இருந்தது; உறுப்பினர்கள் தங்களுக்குள் வியாபாரம் கொடுத்து வாங்கிக்கொள்ளும் நோக்கமும் இருந்தது. யாருக்கு யார் எவ்வளவு தொழில் கொடுத்தார்கள் என்று கணக்குக்கூட வைத்தார்கள். மறு ஆண்டே, உறுப்பினராகச் சேர அழைக்கப்பட்ட டொனால்ட் கார்ட்டர் என்ற காப்புரிமை வழக்கறிஞர், தன் நலனை மட்டும் பார்க்கும் சங்கத்துக்கு எதிர்காலம் இல்லை என்று சொல்லித் தயங்கினார். அந்தப் பேச்சு வேலை செய்தது. 1907இல் அந்தச் சங்கம், நகரத்தில் பொதுக் கழிப்பறைகள் அமைக்கவேண்டும் என்ற முயற்சியில் இறங்கியது. உறுப்பினர் எவருக்கும் அதனால் ஒரு வாடிக்கையாளரும் கிடைத்திருக்க வழியில்லை. அந்தச் சங்கம் இன்றும் உலகெங்கும் இருக்கிறது.

அதனால் உங்கள் குழுக்களை விட்டு வெளியே வாருங்கள் என்பேன். தயாரித்து வைத்த அந்தச் செய்தியை இன்றே அழியுங்கள். உங்களிடம் குறிப்பேடு கேட்டு வருபவருக்கு உண்மையில் தேவைப்படுவது வேறொருவர் செய்யும் ஏடு என்றால், அந்த வேறொருவரின் பெயரைச் சொல்லுங்கள். ஓவியத் தாள் கேட்பவரை அது செய்பவரிடம் அனுப்புங்கள். அனுப்பியதை அவருக்கும் இரண்டு வரியில் தெரிவியுங்கள், உங்கள் கடை இணைப்பு இல்லாமல். பயன்படுத்திப் பார்க்காத எதையும் பகிராதீர்கள். ஒருவர் ஒரு வாடிக்கையாளரை உங்களிடம் அனுப்பினால், அது எப்படி முடிந்தது என்று அவருக்குச் சொல்லுங்கள். பலர் இதைச் செய்வதில்லை. பெயர் கொடுத்தவர் காத்திருக்கிறார் என்பதே அவர்களுக்குத் தோன்றுவதில்லை.

நீங்கள் கொடுத்த இணைப்பில் போய் உங்கள் பக்கம் முழுவதையும் பார்த்தேன். தையல் மிக நன்றாக இருக்கிறது, படங்களும் தெளிவாக இருக்கின்றன. காகிதத்தைப் பற்றி ‘உயர்தரம்’ என்ற ஒரு சொல் மட்டும் இருக்கிறது. அதைச் செய்து அனுப்புகிறவரின் பெயர் எங்கும் இல்லை. அவரிடம் கேட்டுவிட்டு, அவர் யார், அந்தத் தாளை எப்படிச் செய்கிறார், உங்கள் ஊசி அதில் எப்படி இறங்குகிறது என்று இந்த வாரம் எழுதுங்கள். எழுதியதை முதலில் அவருக்கு அனுப்புங்கள்.