சென்னையில் குழந்தைக்கு வீட்டிலேயே கல்வி கொடுக்க முடியுமா? எப்படித் தொடங்குவது?

முடியும். 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், 6 முதல் 14 வயதுக் குழந்தைகளைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்கிறது. ஆனால் சேர்க்காத பெற்றோருக்கு அதில் தண்டனை எதுவும் இல்லை.

சான்றிதழுக்கு என்ன வழி என்றுதான் உறவினர்கள் முதலில் கேட்பார்கள். பள்ளிக்குப் போகாமலே படித்துத் தேர்வெழுத வழிதரும் மத்திய அரசின் தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனத்தில் (NIOS) 14 வயது நிறைந்ததும் நேரடியாகப் பத்தாம் வகுப்புக்குப் பதிவு செய்யலாம். ஐந்து பாடங்கள் போதும். தமிழும் அவற்றில் ஒன்றாக இருக்கலாம். எல்லாவற்றையும் ஒரே தடவையில் எழுதவேண்டிய கட்டாயமும் இல்லை.

எங்கள் மகளைப் பள்ளியிலிருந்து நிறுத்திய முதல் மாதம், காலை ஒன்பது மணிக்கெல்லாம் பாடப்புத்தகத்தை விரித்து வைத்தேன். அவள் அழுதாள். அந்தத் தவறை நீங்கள் செய்யாதீர்கள். சில வாரங்கள் அவள் போக்கில் விட்டோம். ஒருநாள் காய்கறிக் கடையில், "கால் கிலோ என்றால் எத்தனை கிராம்?" என்று கேட்டவள், மாலையில் சமையலறைத் தராசை எடுத்துத் துவரம்பருப்பை அரையாகவும் காலாகவும் பிரித்து நிறுத்துக்கொண்டிருந்தாள். பின்னக் கணக்கு அங்கேதான் பிடிபட்டது.

கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தின் குழந்தைகள் பிரிவு, எழும்பூர் அருங்காட்சியகத்தின் செப்புத் திருமேனிகள் எல்லாம் பஸ்ஸில் போய்வரும் தொலைவுதான்.

எனக்கு உண்மையான கவலை தனிமைதான். நீச்சலோ சிலம்பமோ, வாரத்தில் மூன்று நாளாவது பிற பிள்ளைகளோடு பழக வழி செய்யுங்கள். இருவரும் வேலைக்குப் போகிறவர்கள் என்றால், பகலில் உடனிருப்பது யார் என்று முடிவு செய்த பிறகே பள்ளியில் மாற்றுச் சான்றிதழ் கேளுங்கள்.