பள்ளிக்கூடம் முடிந்த பிறகு என்ன? வாசகர் கேள்விகளும் பதில்களும்

மாற்றுத்திறன் உள்ள பிள்ளைகளின் படிப்பு, பயிற்சி, வேலை பற்றி இம்முறை வந்த கேள்விகளில் ஏழு கேள்விகளை எடுத்துக்கொண்டேன். பெயர்களை விட்டுவிட்டேன், ஊரை மட்டும் வைத்திருக்கிறேன்.

மகனுக்கு 15 வயது. டவுன் சின்ட்ரோம். பாடசாலையில் விசேட கல்வி அலகில் படிக்கிறான். "18 வயது வரட்டும், பிறகு பார்ப்போம்" என்கிறார்கள். அப்படிக் காத்திருக்கலாமா? (ஒரு தாய், கொட்டாஞ்சேனை)

வேண்டாம் அம்மா, இப்போதே தொடங்குங்கள். பாடசாலை இருக்கும்வரை பிள்ளைக்கு ஒரு நேர ஒழுங்கு இருக்கும். காலையில் எழும்புவான், உடுத்துவான், வெளியே போவான், நாலு பேரோடு கதைப்பான். அது நின்ற பிறகு இரண்டு வருடம் வீட்டில் டிவிக்கு முன்னால் இருந்த பிள்ளைகள், படித்துப் பழகியதையும் மறந்து போனதைக் கண்ணால் கண்டிருக்கிறேன். அந்த இரண்டு வருடத்தைத் திரும்பப் பிடிப்பது மிகக் கஷ்டம்.

முதலில் வீட்டில் தொடக்கமும் முடிவும் தெளிவாக உள்ள ஒரு வேலையை அவன் பொறுப்பில் விடுங்கள். உடுப்பு மடிப்பது, சாப்பாட்டு மேசை துடைப்பது, எதுவானாலும் சரி. அடுத்ததாக, தெரிந்தவர் கடையில் சனிக்கிழமை இரண்டு மணி நேரம். அம்மா சொன்னால் செய்வான், அது பழக்கம். வேறொருவர் சொல்லியும் செய்யப் பழக வேண்டும், அதற்குத்தான் வெளியிடம்.

உங்கள் மகனைப் போன்ற ஒரு பையனை ஒரு பேக்கரியில் சேர்த்திருந்தோம். பெட்டிக்குள் 12 பணிஸ் வைக்க வேண்டும். ஒருநாள் 10 வைப்பான், ஒருநாள் 14. முதலாளி சலித்துப்போய் எனக்குப் போன் எடுத்தார். போய்ப் பார்த்தேன். பையன் எட்டு, ஒன்பது வரைக்கும் சரியாக எண்ணுகிறான். யாராவது பக்கத்தில் கதைத்தால் எண்ணிக்கை விட்டுப்போகிறது. ஒரு காட்போட் மட்டையில் 12 வட்டம் வரைந்து கொடுத்தோம். வட்டத்துக்கு ஒரு பணிஸ். எல்லா வட்டமும் மறைந்தால் பெட்டிக்குள் மாற்றி மூடியைப் போட வேண்டும். மூன்றாம் நாளிலிருந்து பிழை இல்லை. இப்போது அங்கே வேலை செய்கிற எல்லோரும் அந்த மட்டையைத்தான் பாவிக்கிறார்கள்.

இன்னொன்று, கொழும்பு வேலைத்தலங்களில் சிங்களம் காதில் விழுந்துகொண்டே இருக்கும். "மெஹே எண்ட", "டிக்கக் இண்ட", "இவரத?" (இங்கே வா, கொஞ்சம் இரு, முடிந்ததா?) என்பது போல ஒரு இருபது சொல்லை இப்போதே பழக்குங்கள். சொன்னது விளங்காமல் நின்ற பிள்ளையை "சொல் கேட்க மாட்டான்" என்று திருப்பி அனுப்பிவிடுகிறார்கள்.

பயிற்சிக்கு, உங்கள் பிரதேச செயலகத்தின் சமூக சேவை உத்தியோகத்தரிடம் மகனின் பெயரைப் பதியுங்கள். சமூக சேவைகள் திணைக்களத்தின் தொழிற்பயிற்சி நிலையம் சீதுவையில் இருக்கிறது. போய்ப் பாருங்கள், எந்த மொழியில் கற்பிக்கிறார்கள் என்று கேளுங்கள். போகும்போது மகனையும் கூட்டிக்கொண்டு போங்கள். அவனுடைய முகத்தைப் பார்த்தாலே பாதி பதில் கிடைத்துவிடும்.

சாதாரண தரப் பரீட்சையில் என் மாணவிக்குக் கூடுதல் நேரம் கேட்கலாமா? (ஆசிரியை, வத்தளை)

கேட்கலாம் மிஸ். பரீட்சைத் திணைக்களம் கூடுதல் நேரமும், சொல்வதை எழுத ஒருவரும், பார்வையற்றோருக்குப் பிரெய்ல் வினாத்தாளும் தருகிறது. ஆனால் மருத்துவச் சான்றிதழோடு பாடசாலை ஊடாக முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும். பரீட்சைக்கு முதல் வாரம் ஓடித்திரிந்தால் நடக்காது. சாதாரண தரம் சரிவராவிட்டாலும் கதவு மூடவில்லை. 2017இல் தொடங்கிய 13 வருட உத்தரவாதக் கல்வித் திட்டத்தில், அந்தப் பெறுபேறு எப்படியிருந்தாலும் 12ஆம் தரத்தில் தொழில்துறைப் பிரிவில் சேரலாம்.

மகளுக்குப் பார்வை இல்லை. உயர்தரம் நல்ல பெறுபேறு. கம்பியூட்டர் வேலை தேடலாமா, இல்லை ஆசிரியத் தொழில்தானா? (ஒரு தந்தை, வெள்ளவத்தை)

இதை அவவிடம் கேட்டீர்களா ஐயா? கடிதம் முழுக்க உங்கள் யோசனைதான் இருக்கிறது, பிள்ளையின் விருப்பம் ஒரு வரியிலும் இல்லை. குறையாகச் சொல்லவில்லை, எல்லாப் பெற்றோரும் இப்படித்தான் எழுதுகிறார்கள். முதலில் அவவோடு இருந்து கதையுங்கள்.

கம்பியூட்டர் என்றால், தாராளமாக. திரையில் உள்ளதைக் குரலில் வாசித்துச் சொல்லும் என்.வி.டி.ஏ. என்ற திரைவாசிப்பான் இலவசம், தமிழையும் வாசிக்கும். அன்ட்ராய்ட் போனில் அதே வேலைக்கு டோக்பேக் இருக்கிறது. ஒரு சிக்கலை மட்டும் முதலிலேயே தெரிந்துவைத்திருங்கள். நம் நாட்டில் இன்னும் பல கந்தோர்களில் தமிழ்க் கடிதங்களைப் பாமினி எழுத்துருவில்தான் அடிக்கிறார்கள். கண்ணுக்கு அது தமிழ். கம்பியூட்டருக்கோ வெறும் ஆங்கில எழுத்து. "அம்மா" என்று அடித்திருந்தால் திரைவாசிப்பான் "எம், கே, செமிகோலன், கே, எச்" என்று வாசிக்கும். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே இதில் மாட்டி, தன்னில்தான் பிழை என்று நினைத்து அழுத ஒரு பிள்ளையை எனக்குத் தெரியும். ஆவணங்களை, கம்பியூட்டரும் தமிழாகவே அறியும் யூனிகோட் முறையில் தரும்படி கேட்பதற்கு மகள் கூச்சப்படத் தேவையில்லை. பழையவற்றை மாற்றித் தரும் கருவிகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன.

எனக்கு 22 வயது. செரிப்ரல் பால்சி. மெதுவாக நடப்பேன். கொள்ளுப்பிட்டியில் பயிற்சிக்கு இடம் கிடைத்திருக்கிறது. அம்மா தனியே பஸ்ஸில் விடமாட்டேன் என்கிறா. தினமும் ஓட்டோவுக்குக் காசு இல்லை. (ஒரு இளைஞன், தெகிவளை)

தம்பி, உங்கள் கேள்வியை இரண்டு மூன்று தடவை வாசித்தேன். அம்மாவின் பயத்தில் நியாயம் இருக்கிறது. காலி வீதியில் 100, 101 பஸ்கள் முழுதாக நிற்பதற்கு முன்பே ஆட்களை ஏற்றி இறக்குவது அவவுக்கும் தெரியும். ஆகவே வாதாட வேண்டாம், செய்து காட்டுங்கள்.

முதல் வாரம் அம்மாவும் பக்கத்து இருக்கையில் வரட்டும், ஆனால் டிக்கெட்டை நீங்கள் எடுங்கள். இரண்டாம் வாரம் அம்மா பின் இருக்கையில். மூன்றாம் வாரம் அடுத்த பஸ்ஸில். நான்காம் வாரம் தனியே போய், இறங்கியதும் ஒரு போன். காலை ஏழரைக்கு நெரிசலில் தொங்க வேண்டாம். வகுப்பை ஒன்பதரைக்கு வைக்க முடியுமா என்று பயிற்சி நிலையத்தில் கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் சம்மதிப்பார்கள். ஏறும்போதே கொண்டக்டரிடம் "கொள்ளுப்பிட்டியில் இறங்க எனக்குக் கொஞ்சம் நேரம் எடுக்கும்" என்று சொல்லிவிடுங்கள். நான்கைந்து நாள் போனால் அவரே "தம்பி இறங்கப்போகுது, பொறு" என்று சாரதியிடம் குரல் கொடுப்பார்.

இந்தப் பகுதியை அம்மாவிடம் வாசித்துக் காட்டுங்கள். அம்மா, உங்கள் மகன் என்னிடம் காசு கேட்டு எழுதவில்லை, வழி கேட்டு எழுதியிருக்கிறார்.

புறக்கோட்டையில் சிறிய அச்சகம் வைத்திருக்கிறேன். காது கேளாத ஒரு பையனை எடுக்க விருப்பம். அரைச் சம்பளத்தில் தொடங்கலாமா? (ஒரு முதலாளி)

மனதுக்கு நன்றி. அரைச் சம்பளத்துக்குச் சம்மதிக்க மாட்டேன். தேசிய ஆகக்குறைந்த சம்பளச் சட்டத்தில் காது கேட்பவருக்கு ஒரு தொகை, கேளாதவருக்கு ஒரு தொகை என்று இல்லை. 2025 ஏப்ரலில் அது மாதம் 27,000 ரூபாய் ஆனது, 2026 ஜனவரியில் 30,000. ஊழியர் சேமலாப நிதிக்கு அவர் பங்கு 8 வீதம், உங்கள் பங்கு 12 வீதம். ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கு நீங்கள் 3 வீதம். பலர் "உதவிக்கு வைத்திருக்கிறோம்" என்று சொல்லி இதைக் கட்டாமல் விடுகிறார்கள். மற்றவர்களைப் போல அவரும் உங்கள் ஊழியர்தான்.

வேலை ஓட்டத்துக்குச் சின்னச் சின்ன மாற்றம் போதும். மெஷின் மணி அடிப்பதற்குப் பதிலாக ஒரு லைட் எரியட்டும். முதுகுக்குப் பின்னால் நின்று கூப்பிட வேண்டாம், முன்னால் வந்து முகம் பார்த்துச் சொல்லுங்கள். ஓடர் விவரத்தை வட்ஸ்அப்பில் எழுதி அனுப்புங்கள். அப்புறம், கூட வேலை செய்கிறவர்கள் பத்துச் சைகையாவது பழகட்டும், அவரே சொல்லித் தருவார். மத்தியானம் எல்லோரும் சிரித்துக் கதைத்துச் சாப்பிடும்போது ஒரு மூலையில் தனியே இருக்க வேண்டி வந்ததால் வேலையை விட்ட பிள்ளைகள் எத்தனையோ பேர்.

அரசாங்க வேலையில் 3 வீதம் ஒதுக்கீடு இருப்பதாகச் சொல்கிறார்கள். உண்மையா? (ஒரு வாசகி, மட்டக்குளி)

உண்மை. 1988இல் வெளிவந்த 27/88 இலக்க பொது நிர்வாகச் சுற்றறிக்கை அது. அரச சேவையிலும் கூட்டுத்தாபனங்களிலும் வெற்றிடங்களில் 3 வீதத்தை, தகைமை உள்ள மாற்றுத்திறனாளிகளுக்குக் கொடுக்க வேண்டும். சுற்றறிக்கை என்பதால் சட்டத்துக்குள்ள பலம் இதற்கு இல்லை, பல இடங்களில் கோப்புக்குள்ளேயே கிடக்கிறது. ஆகவே விண்ணப்பத்தோடு இணைக்கும் கடிதத்தில் சுற்றறிக்கை இலக்கத்தை நீங்களே எழுதுங்கள். தேவையான தகைமையைக் கையில் வைத்திருங்கள். என்.வி.கியூ. (தேசிய தொழில் தகைமை) சான்றிதழ் இல்லை, ஆனால் வேலை தெரியும் என்றால், முன்அனுபவத்தை மதிப்பிட்டுச் சான்றிதழ் தரும் வழியும் இருக்கிறது. நாரஹேன்பிட்டியில் தொழிற்கல்வி நிறுவனங்கள் இருக்கும் நிபுணத்த பியஸ கட்டடத்துக்குப் போய் விசாரியுங்கள்.

தம்பி ஊன்றுகோலோடு நேர்முகத்துக்குப் போனான். தனியார் கம்பனி. போனில் நன்றாகக் கதைத்தவர்கள், நேரில் கண்டதும் "ஆள் எடுத்தாயிற்று" என்றார்கள். அடுத்த வாரமும் அதே விளம்பரம். (ஒரு அக்கா, பம்பலப்பிட்டி)

வாசிக்கவே வயிறு எரிந்தது. 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம், வேலைக்கு ஆள் எடுக்கும்போது மாற்றுத்திறனைக் காரணமாக வைத்துப் பாகுபாடு காட்டக் கூடாது என்கிறது. அது தனியாருக்கும் பொருந்தும், மேல் நீதிமன்றத்தில் மனுப் போடலாம். அரசாங்க நிறுவனமாக இருந்திருந்தால் மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கும் போகலாம், அவர்களின் தொலைபேசி இலக்கமும் 1996தான். அரச நிறுவனத்துக்கு எதிரான அடிப்படை உரிமை மனுவுக்கு ஒரு மாதக் கெடு உண்டு என்பதையும் மனதில் வையுங்கள்.

இன்றைக்கே செய்ய வேண்டியது, இரண்டு விளம்பரத்தையும் திகதி தெரியப் படம் எடுத்து வையுங்கள். போனில் யார் கதைத்தார், எத்தனை மணிக்கு, என்ன சொன்னார் என்று தம்பியின் கையாலேயே எழுதச் சொல்லுங்கள். அதைக் கொண்டுபோய்ப் புதுக்கடையில் சட்ட உதவி ஆணைக்குழுவில் காட்டுங்கள். வழக்குக்குப் போவதா விடுவதா என்பதைத் தம்பி தீர்மானிக்கட்டும். அதுவரை அடுத்த விண்ணப்பத்தைப் போடுவதை நிறுத்த வேண்டாம். அதில் ஊன்றுகோல் பாவிப்பதை ஒரு வரியில் குறிப்பிட்டு, "லிப்ட் உள்ள மாடியில் நேர்முகத்தை வைக்க முடியுமா" என்றும் கேட்கச் சொல்லுங்கள்.