சின்னச் சின்ன ஃபங்ஷன்களைக் கோத்து உரையை மாற்றுவது: கேள்வி பதில்

கே: ஹாஸ்கெல் என்ற நிரல்மொழி பழகுகிறேன். கோப்பின் ஒவ்வொரு வரியையும் திருப்பிப் போட லூப் எப்படி எழுதுவது?

ப: லூப்பே வேண்டாம். ஒரு வேலையைச் செய்து விடை தரும் சின்ன நிரல்துண்டுதான் ஃபங்ஷன். 'லைன்ஸ்' உரையை வரிகளாகப் பிரிக்கும், 'மேப் ரிவர்ஸ்' ஒவ்வொரு வரியையும் திருப்பும், 'அன்லைன்ஸ்' மறுபடி ஒட்டும். புள்ளி வைத்துக் கோத்தால் வேலை முடிந்தது: அன்லைன்ஸ் . மேப் ரிவர்ஸ் . லைன்ஸ். வலக்கோடியிலிருந்து படியுங்கள். ஒன்று தருவதை அடுத்தது வாங்க முடியாவிட்டால் நிரலை மொழிபெயர்க்கும் கம்பைலரே சண்டைக்கு வந்துவிடும். அன்லைன்ஸ் கடைசி வரிக்குப் பின்னாலும் ஒரு வரிமுறிவு வைக்கும், அதை மறக்காதீர்கள். அந்த ஒரு பைட்டைத் தேடி எனக்கு ஒரு சாயங்காலமே போனது.

கே: அதை ஓட்டினேன். 'தமிழ்' என்று கொடுத்தால் 'ழிமத' வருகிறது, முன்னால் ஒரு புள்ளி அநாதையாக நிற்கிறது.

ப: இதை யாராவது கேட்பார்கள் என்று காத்திருந்தேன். நமக்கு மூன்று எழுத்து, எழுத்துக்கு எண் கொடுக்கும் தரமான யூனிகோடுக்கு ஐந்து குறியீடு: த, ம, இகரக் குறி, ழ, புள்ளி. ரிவர்ஸ் அந்த ஐந்தையும் திருப்புகிறது. இகரக் குறி ம-வை விட்டுவிட்டு ழ-வோடு ஒட்டிக்கொள்கிறது. ரிவர்ஸ் மேல் தப்பில்லை, அதற்கு முன்னால் ஒரு ஃபங்ஷன் குறைகிறது. முதலில் த, மி, ழ் என்று எழுத்தெழுத்தாகப் பிரியுங்கள், அந்தப் பட்டியலைத் திருப்புங்கள், அப்புறம் ஒட்டுங்கள். 'ழ்மித' வரும். பிரிக்கும் விதி யூனிகோடின் 29ஆம் இணைப்பறிக்கையில் இருக்கிறது.

அதற்கும் முன்னால் நார்மலைஸ் செய்யுங்கள், அதாவது ஒரே எழுத்தை எங்கும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவாருங்கள். 'கொ'வின் ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் வைக்கலாம், கொம்பு தனி, கால் தனி என்று இரண்டாகவும் வைக்கலாம். கண்ணுக்கு ஒன்றுதான், ஒப்பிட்டால் வேறு வேறு. நார்மலைஸ் முதலில்!

கே: சொற்களுக்கு நடுவே மூன்று நான்கு இடைவெளி கிடக்கிறது.

ப: அன்வேர்ட்ஸ் . வேர்ட்ஸ். வேர்ட்ஸ் சொற்களாகப் பிரிக்கும், அன்வேர்ட்ஸ் நடுவே ஒரே இடைவெளி விட்டு ஒட்டும். வரிமுறிவையும் விழுங்கிவிடும், கவிதைக் கோப்பில் ஓட்டாதீர்கள்.

கே: எந்த லேப்டாப் வாங்கலாம்?

ப: நமக்குத் தெரியாத சங்கதி.

கே: பின்னாலிருந்து படிப்பது கொடுமை. எஃப் ஷார்ப், எலிக்ஸிர் மொழிகளில், ஒன்று தருவதை அடுத்ததற்கு அனுப்பும் பைப் குறி இடமிருந்து வலமாக நேராகப் போகிறதே?

ப: அரைத்து, கரைத்து, ஊற்றினாள் என்று அடுக்கிப் பேசும் நமக்குப் பைப்தான் இயல்பு, ஒப்புக்கொள்கிறேன். நிரல்களைத் தோட்டத்துக் குழாய் மாதிரி மாட்ட வேண்டும் என்று பெல் ஆய்வகத்தின் டக் மெக்கில்ராய் 1964இல் குறிப்பெழுதினார். 1973இல் கென் தாம்ப்சன் யூனிக்ஸ் இயங்குதளத்தில் அதைச் செய்தே காட்டினார். ஹாஸ்கெலில் கோக்கும் புள்ளியோ கணிதத்திலிருந்து வந்தது.

கே: அப்படியானால் புள்ளியைத் தூக்கிவிடலாமே?

ப: விட மாட்டேன். பைப்புக்குள் ஊற்ற கையில் உரை வேண்டும். புள்ளிக்கு உரையே வேண்டாம். கோத்ததற்கு ஒரு பெயர் வைத்து இன்னொரு மேப்புக்குள் செருகலாம்.

கே: எஃப் ஷார்ப்பில் அதற்கு இரட்டை அம்பு (>>) இருக்கிறது. பாதி விஷயம் சொல்கிறீர்கள்.

ப: சரி, மாட்டிக்கொண்டேன். ஹாஸ்கெலிலும் கன்ட்ரோல் ஆரோ என்ற தொகுதியில் மூன்று அம்பு (>>>) இருக்கிறது, இடமிருந்து வலமாகக் கோக்கும். இருந்தும் என் கை புள்ளிக்குத்தான் போகிறது.

கே: 'தமிழ்' நீளம் 5 என்கிறது. பிழையா?

ப: இரண்டாவது பதில்.

கே: 'கொ' என்று தேடினால் சில இடத்தில் சிக்கவில்லை.

ப: இரண்டாவது பதில், கடைசிப் பத்தி. நார்மலைஸ் முதலில்!