கால் ரத்தக்குழாய் அடைப்புக்கு பலூன் நல்லதா, பைபாஸ் நல்லதா? புது ஆராய்ச்சிகள் என்ன சொல்கின்றன?

தண்டையார்பேட்டையில் இருக்கும் அப்பாவுக்கு 66 வயது, நாள்பட்ட சர்க்கரை, வலது கால் சுண்டுவிரல் கறுத்துவிட்டது. ஒரு இடத்தில் பலூன் (அடைத்த குழாய்க்குள் விட்டு ஊதி விரிப்பது) என்கிறார்கள், இன்னொரு இடத்தில் பைபாஸ் (அடைப்பைத் தாண்டி ரத்தம் போக மாற்று வழி தைக்கும் அறுவை) என்கிறார்கள், மூன்றாவது இடத்தில் விரலை எடுத்துவிட்டால் போதும் என்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள்.

மூன்றாவதை முதலில் ஒதுக்கிவையுங்கள். ரத்தம் போகாத காலில் விரலை வெட்டினால் வெட்டிய இடம் ஆறாது. அதுவே புதுப் புண்ணாகி அடுத்த விரல், பாதி பாதம், கடைசியில் முழங்காலுக்குக் கீழே என்று ஏறிக்கொண்டே போகும். காய்ந்து கறுத்த விரல் என்றால் முதலில் ரத்த ஓட்டத்தைக் கொண்டுவர வேண்டும், விரலைப் பற்றி அப்புறம் பேசலாம். விதிவிலக்கு ஒன்றே ஒன்று: சீழ், துர்நாற்றம், காய்ச்சல், பாதம் வீங்கிப் பளபளப்பது. அப்படி இருந்தால் அன்றைக்கே கீறிச் சீழை வெளியேற்ற வேண்டும், ஆஞ்சியோவுக்காக (டை ஏற்றி எடுக்கும் ரத்தக்குழாய்ப் படம்) காத்திருக்கக் கூடாது.

மீதி இரண்டில் எது என்று முடிவெடுக்கும் முன் ஒரு கேள்வி. அப்பாவின் தொடை வெயினை (பைபாஸில் மாற்றுக் குழாயாக எடுத்துத் தைக்கும் ரத்தநாளம்) யாராவது டாப்ளரில் (ரத்த ஓட்டத்தைக் காட்டும் ஸ்கேன்) அளந்தார்களா? நீங்கள் எழுதியதில் அது இல்லை. பெரும்பாலான ரிப்போர்ட்டுகளிலும் இருப்பதில்லை. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுத உட்கார்ந்தேன்.

ரத்தநாள டாப்ளர் எடுப்பது என் வேலை. நான் டாக்டர் இல்லை. "டெக்னீஷியனுக்கு எதற்கு இந்த வேலை" என்று கேட்க வருபவர்களுக்கு: கீழே இருக்கும் எண்கள் அச்சில் வந்தவை, யாரும் சரிபார்க்கலாம். முடிவு உங்கள் ரத்தநாள நிபுணருடையது. அவரிடம் என்ன கேட்பது என்று மட்டும்தான் சொல்கிறேன்.

2022 நவம்பரில் பெஸ்ட்-சிஎல்ஐ என்ற பெரிய ஆய்வு வெளியானது. ஐந்து நாடுகள், 1,830 நோயாளிகள், எல்லாருமே உங்கள் அப்பா போல, புண்ணோ ஓய்விலும் வலியோ வந்து கால் போகும் நிலைக்கு வந்தவர்கள். அதை ஆரம்பத்திலேயே இரண்டாகப் பிரித்தார்கள். தொடை வெயின் ஒரே நீளத்தில் நன்றாகக் கிடைப்பவர்கள் ஒரு பக்கம், கிடைக்காதவர்கள் மறுபக்கம். வெயின் இருந்த 1,434 பேரில், பைபாஸ் செய்தவர்களில் 42.6 சதவீதம் பேருக்கு மரணமோ, கணுக்காலுக்கு மேல் கால் போவதோ, பெரிய மறுசிகிச்சையோ நேர்ந்தது. பலூன்–ஸ்டென்ட் (குழாய் மூடாமல் தாங்கும் சின்ன வலைக்குழாய்) பக்கம் இது 57.4 சதவீதம். பெரிய வித்தியாசம் மறுசிகிச்சையில்தான்: 9.2க்கு எதிராக 23.5 சதவீதம். கணுக்காலுக்கு மேல் கால் இழந்தவர்கள் 10.4, 14.9 சதவீதம். இறப்பில் பெரிய வேறுபாடு இல்லை. நல்ல வெயின் இல்லாத 396 பேரில் இரண்டு சிகிச்சைக்கும் சொல்லும்படியான வேறுபாடே தெரியவில்லை.

இதோடு நிறுத்திக்கொண்டு "பைபாஸ்தான்" என்று பேசுபவர்கள் உண்டு. அடுத்த வருடமே, 2023இல், பேசில்-2 வந்தது. பெரும்பாலும் பிரிட்டன் மருத்துவமனைகள், 345 பேர், எல்லாருக்கும் முழங்காலுக்குக் கீழே உள்ள மெல்லிய குழாய்களில் அடைப்பு. அதில் முடிவு தலைகீழ். கால் போவது அல்லது உயிர் போவது என்று சேர்த்துக் கணக்கிட்டால் பைபாஸை முதலில் செய்தவர்களில் 63 சதவீதம், பலூனை முதலில் செய்தவர்களில் 53 சதவீதம். கால் இழப்பு இரு பக்கமும் ஏறக்குறைய ஒன்றுதான் (20, 18). இடைவெளி வந்தது இறப்பில்.

ஒன்று பொய், ஒன்று உண்மை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். பேசில்-2இல் இருந்தவர்கள் வயது கூடியவர்கள், அடைப்பும் இன்னும் கீழே. பெஸ்ட்-சிஎல்ஐயில் தொடைப் பகுதி அடைப்பு நிறைய இருந்தது. அந்த ஆய்வில் பலூன் பக்கம் சுமார் 15 சதவீதம் பேருக்கு முதல் முயற்சியே வெற்றியாகவில்லை என்பதையும் கணக்கில் வையுங்கள். என் கணிப்பு இது: இதயம் தாங்கும், வெயின் நன்றாக இருக்கிறது, தொடையிலிருந்து நீளமாக அடைத்திருக்கிறது என்றால் பைபாஸை முதலில் கேளுங்கள். இதயம் பலவீனம், வயது அதிகம், அடைப்பு முழங்காலுக்குக் கீழே மட்டும் என்றால் பலூன். இடையில் இருப்பவர்களுக்கு இரண்டு கைவேலையும் தெரிந்த குழு உட்கார்ந்து படத்தைப் பார்த்துப் பேச வேண்டும். பலூன் மட்டும் செய்பவரிடம் போனால் பலூன்தான் கிடைக்கும், கத்தி மட்டும் பிடிப்பவரிடம் போனால் கத்திதான்.

வெயின் அளப்பது ஊசி குத்தாத வேலை. தொடை இடுக்கிலிருந்து கணுக்கால் வரை உள்பக்கமாக ஓடும் வெயினை, நோயாளியை நிற்கவைத்தோ தொடையில் பட்டை கட்டியோ, சில சென்டிமீட்டருக்கு ஒருமுறை அளக்க வேண்டும். 3 மி.மீ.க்குக் குறையாமல் இருந்தால் பொதுவாக உதவும். புரோபை (ஸ்கேன் கருவியின் முனை) வைத்து அமுக்கினால் வெயின் தட்டையாக வேண்டும். அமுங்காவிட்டால் உள்ளே ரத்தம் கட்டி உறைந்திருக்கிறது. ஏசி அறையில் குளிரில் படுக்கவைத்தால் வெயின் சுருங்கி 2 மி.மீ. காட்டும், "வெயின் சரியில்லை" என்று எழுதிவிடுவார்கள். அறையைச் சூடாக்கி மறுபடி எடுத்தால் அதே வெயின் தேறும். வலது காலில் இல்லையென்றால் இடது கால், அதுவும் இல்லையென்றால் கை வெயின். இதய பைபாஸுக்கு ஏற்கெனவே எடுத்திருந்தாலோ, வெரிகோஸுக்கு லேசர் வைத்திருந்தாலோ அந்தக் கணக்கை முதலிலேயே சொல்லிவிடுங்கள். இன்னொன்று: அட்மிட் ஆனவுடன் கையில் இடம் கிடைக்கவில்லை என்று கணுக்கால் உள்பக்கத்தில் குளுக்கோஸ் ஊசி போடுவார்கள். அது அந்த வெயினேதான். "காலில் வேண்டாம் சிஸ்டர், பைபாஸுக்கு வேண்டியது" என்று சொல்ல உங்களுக்கு முழு உரிமை உண்டு.

"டாப்ளர் நார்மல்" என்று ஒரு சீட்டு கையில் இருந்தால் அதை அப்படியே நம்பவும் வேண்டாம். கணுக்கால் பிரஷரை கை பிரஷரால் வகுத்து ஏபிஐ என்று எழுதுவார்கள். 0.9க்குக் கீழே போனால் அடைப்பு. ஆனால் பல வருடச் சர்க்கரையில் ரத்தக்குழாய்ச் சுவர் சுண்ணாம்பு ஏறி இரும்புக் குழாய் போல இறுகிவிடும். பட்டையை எவ்வளவு ஊதினாலும் அமுங்காது, எண் 1.4க்கு மேல் போகும். தாளில் பிரமாதம், காலில் ரத்தம் இருக்காது. அந்த நிலையில் கட்டைவிரலில் சின்னப் பட்டை கட்டி விரல் பிரஷர் எடுக்கச் சொல்லுங்கள். 30 மி.மீ.க்குக் கீழே இருந்தால் ரத்தம் கொண்டுவராமல் புண் ஆறுவது அரிது. இரவில் அப்பா கட்டிலிலிருந்து காலைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தால் வலி குறைகிறதா என்றும் பாருங்கள். தொங்கும்போது பாதம் செக்கச்செவேலென்று ஆகும். அதைக் கிருமித் தொற்று என்று நினைத்து ஆன்டிபயாடிக் வாரக்கணக்கில் கொடுப்பது நடக்கிறது. காலை உயர்த்திப் பிடித்தால் வெளுத்துவிடும், தொற்று என்றால் அப்படி வெளுக்காது.

பலூன் என்று முடிவானால்: டை ஏற்றும் முன் கிரியாட்டினின் (சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) பார்த்தாக வேண்டும். தொடை இடுக்கில் குத்தி, 0.014 அல்லது 0.018 அங்குலக் கம்பியை அடைப்பைத் தாண்டி விட்டு, முழங்காலுக்குக் கீழே 2 முதல் 3.5 மி.மீ. பலூனை இரண்டு மூன்று நிமிடம் ஊதிவைப்பார்கள். கம்பி தாண்டாவிட்டால் பாதத்தில் குத்தி மேலே வரும் வழியும் உண்டு. முடிந்ததும் குத்திய காலை மடக்காமல் சில மணி நேரம் படுக்க வேண்டும். இடுப்பிலோ முதுகிலோ வலி, பிரஷர் இறக்கம் என்றால் உள்ளே ரத்தம் கசிகிறது, உடனே சொல்ல வேண்டும். கீழ்க்கால் குழாய்கள் சில மாதங்களில் திரும்ப அடைப்பது சகஜம். ஆனால் அந்த மாதங்களுக்குள் புண் ஆறிவிட்டால் வேலை முடிந்தது என்பதுதான் கணக்கு. 2023இல் லைஃப்-பிடிகே ஆய்வில், மருந்து தடவிய, பிறகு கரைந்துபோகும் ஸ்டென்ட் போட்டவர்களில் 74 சதவீதம் பேருக்கு ஒரு வருடம் பிரச்சினை இல்லை, வெறும் பலூனில் 44 சதவீதம். நல்ல செய்திதான். ஆனாலும் அது 261 பேர் கொண்ட ஆய்வு, லாபம் பெரும்பாலும் குழாய் திறந்திருப்பதில்தான். அது கிடைக்கவில்லை என்று மனம் உடைய வேண்டாம்.

பைபாஸ் என்று முடிவானால் முன்னால் எக்கோ (இதய ஸ்கேன்). பல மணி நேர அறுவை, தொடை இடுக்குத் தையலில் கிருமி, வாரக்கணக்கில் கால் வீக்கம் எல்லாம் எதிர்பார்க்க வேண்டியவை. அதற்குப் பிறகு பலரும் கோட்டைவிடுவது செக்கப். முதல் வருடம் 1, 3, 6, 12ஆம் மாதம் டாப்ளர். கிராஃப்டுக்குள் (மாற்று வழியாகத் தைத்த வெயின்) ரத்த வேகம் ஓரிடத்தில் நொடிக்கு 300 செ.மீ.யைத் தாண்டினால் அங்கே சுருங்குகிறது. அப்போது சின்ன பலூனில் சரிசெய்யலாம். முழுக்க அடைத்தபின் வந்தால் பெரும்பாலும் அந்த வெயின் போனதுதான்.

எது செய்தாலும் மாத்திரை தொடரும். 2020இல் வந்த வாயேஜர் ஆய்வில் ஆஸ்பிரினோடு ரிவராக்சபான் (ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து) 2.5 மி.கி. இரண்டு வேளை சேர்த்தபோது மூன்று வருடத்தில் பெரிய பாதிப்புகள் 19.9 சதவீதத்திலிருந்து 17.3ஆகக் குறைந்தன; ரத்தக்கசிவு கொஞ்சம் கூடியது. அளவு 2.5. வீட்டில் யாருக்கோ இதயத்துக்கு எழுதிய 20 மி.கி.யை எடுத்துக் கொடுத்துவிடாதீர்கள்.

செலவைப் பற்றி: ராயபுரம் பக்கம் ஸ்டான்லியிலும், சென்ட்ரல் எதிரே ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையிலும் ரத்தநாள அறுவை சிகிச்சைக்குத் தனிப் பிரிவு இருக்கிறது. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் வரை. ஆஞ்சியோ எங்கே எடுத்தாலும் படங்கள் உள்ள சிடியைக் கேட்டு வாங்குங்கள். வெறும் தாளை வைத்து இரண்டாவது நிபுணர் எதையும் சொல்ல முடியாது.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், மனசு ஆறவில்லை. மருந்துக்கடையில் கால் ஆணிக்கு என்று கேட்டால் யோசிக்காமல் ஒரு பட்டையை எடுத்துக் கொடுக்கிறார்கள். அதில் இருப்பது தோலை அரிக்கும் சாலிசிலிக் அமிலம். சர்க்கரையில் உணர்ச்சி மரத்த பாதத்தில் அது ஓட்டை போட்டாலும் தெரியாது. காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் ஐஸ் தண்ணீரிலும் செதிலிலும் நாள் முழுக்க நிற்பவர்கள், ஆடியில் உச்சிவெயிலில் கோயில் கல்தரையில் வெறுங்காலோடு சுற்றுபவர்கள், இவர்களுக்குத்தான் அந்தப் பட்டை அதிகம் விற்கிறது. "சர்க்கரை இருக்கா?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டுக் கொடுத்தால் என்ன?

அப்பா பீடி, சிகரெட் பிடிப்பாரா, புகையிலை ஒதுக்குவாரா என்று நீங்கள் எழுதவில்லை. பழக்கம் உண்டென்றால் டாக்டரிடம் மறைக்க வேண்டாம். பிடித்துக்கொண்டே இருந்தால் போட்ட பைபாஸும் விரித்த குழாயும் சீக்கிரமே அடைக்கும். நாளைக்கு ஓபிக்குப் போகும்போது விரல் பிரஷரும் வெயின் அளவும் வேண்டும் என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டு போங்கள். அதற்குள் கால் திடீரென்று சில்லிட்டு, வெளுத்து, மரத்துப்போனால் ஓபி வரை காத்திருக்காதீர்கள், 108ஐக் கூப்பிடுங்கள். அந்த நிலையில் கையில் இருப்பது சுமார் 6 மணி நேரம்.