டாப்ளரில் சத்தம் கேட்டால் போதுமா?

கேள்வி: கோத்தகிரி பக்கம் எஸ்டேட் லைன் வீட்டில் இருக்கிறேன். இப்போது 32 வாரம். போன செக்கப்பில் வயிற்றில் இரண்டு பெல்ட் கட்டி இருபது நிமிஷம் படுக்க வைத்தார்கள். அதில் குழந்தைக்குக் கதிர்வீச்சு படுமா? அடிக்கடி போய்வருவது சிரமம் என்று கணவர் ஆன்லைனில், குழந்தையின் இதயத்துடிப்பை வீட்டிலேயே கேட்கும் சின்ன டாப்ளர் மெஷின் வாங்கியிருக்கிறார். ஒருநாள் அசைவு குறைந்தபோது வைத்துப் பார்த்தேன், சத்தம் கேட்டது. மாமியாரோ, ‘குளிருக்குப் பிள்ளை சுருண்டு கிடக்கும்’ என்கிறார். அன்று மாலையே அசைவு சரியாகிவிட்டது. இனி அப்படி ஆனால் மெஷினை நம்பலாமா?

பதில்: நம்பாதீர்கள். அசைவு குறைந்தால், மெஷினைத் தேடாமல் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள் அம்மா.

பெல்ட்டைப் பற்றிப் பயமே வேண்டாம். ஒன்று அல்ட்ராசவுண்டால் குழந்தையின் இதயத்துடிப்பைப் பிடிக்கிறது. மற்றது கர்ப்பப்பை இறுகுவதைக் காட்டுகிறது. எக்ஸ்ரே போன்ற கதிர்வீச்சு எதுவும் கிடையாது. நிமிஷத்துக்கு 110 முதல் 160 வரை துடிப்பு இருக்க வேண்டும் என்பது பலருக்கும் தெரியும். ஆனால் பெல்ட் மெஷின் கோடாக வரைந்து தரும் காகிதத்தில் நாங்கள் தேடுவது அந்த எண்ணை மட்டுமல்ல. குழந்தை அசையும்போது துடிப்பு வழக்கத்தைவிட 15-ஆவது கூடி, ஒரு 15 விநாடியாவது நின்று இறங்குகிறதா என்று பார்ப்போம். இருபது நிமிஷத்தில் இரண்டு முறை அப்படி ஏறினால் எங்களுக்குத் திருப்தி. குழந்தை தூங்கினால் கோடு ஏறாது, அதனால்தான் சிலரை நாற்பது நிமிஷம் வரை படுக்க வைக்கிறோம்.

வீட்டு மெஷின் இந்த ஏற்ற இறக்கத்தை அளந்து சொல்லாது. சிரமத்தில் இருக்கும் குழந்தைக்கும் துடிப்பு இருக்கும், சத்தம் கேட்கும். இன்னொரு சிக்கல், கேட்பது யாருடைய சத்தம் என்பது. குழந்தையின் துடிப்பு குதிரை ஓடுவதுபோல் வேகமாக இருக்கும். ‘உஸ்... உஸ்...’ என்று நிதானமாக வருவது பெரும்பாலும் உங்கள் ரத்தக்குழாயோ நஞ்சுக்கொடியோதான். பதற்றத்தில் உங்கள் நாடியே 110-ஐத் தாண்டினால் மெஷின் அதையும் எண்ணிக் காட்டும்.

மாமியார் சொல்வது அன்பால் சொல்வது. ஊட்டியில் உறைபனி விழுந்தாலும் கர்ப்பப்பைக்குள் உங்கள் உடம்புச் சூடுதான். குளிருக்காக அசைவு குறையாது. ‘பிரசவம் நெருங்கினால் பிள்ளை அடங்கிவிடும்’ என்பார்கள், அதுவும் தவறு.

சந்தேகம் வந்தால் சாப்பிட்டுவிட்டு இடது பக்கம் ஒருக்களித்துப் படுத்து எண்ணுங்கள். இரண்டு மணி நேரத்தில் பத்து அசைவு வரவில்லையென்றால் உடனே போக வேண்டும். பத்து வந்தும் வழக்கத்தைவிட மந்தமாகத் தெரிந்தால், அப்போதும் போங்கள்; உங்கள் குழந்தையின் பழக்கம் உங்களுக்குத்தான் தெரியும். அசைவே தெரியவில்லை, ரத்தம் படுகிறது, பனிக்குட நீர் கசிகிறது என்றால் எண்ணிக்கொண்டிருக்கவே வேண்டாம்.

ராத்திரி மூடுபனியில் மலைப்பாதை எப்படியிருக்கும் என்று உங்களுக்கே தெரியும். விடியட்டும் என்று காத்திராமல் 108-ஐக் கூப்பிடுங்கள். பெல்ட் மெஷின் ராத்திரியிலும் எந்த ஆஸ்பத்திரியில் கிடைக்கும் என்று உங்கள் கிராம சுகாதார நர்ஸிடம் இந்த வாரமே கேட்டு வையுங்கள். கடைசி நாட்களில் முன்கூட்டியே வந்து தங்க இடம் உண்டா என்றும் விசாரியுங்கள். டாப்ளரைத் திருப்பி அனுப்பக் கெடு இருந்தால் அனுப்பிவிடுங்கள். அந்தக் காசு ஜீப் வாடகைக்கு ஆகும்.